இயங்குதளம் மேம்படுத்திய பின் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’: ஷெல் அமைப்புகளை மீட்பது எப்படி?

புள்ளிக்கோப்பு

வணக்கம். என் மேக்கில் மேக்ஓஎஸ் பதிப்பை மேம்படுத்தியதிலிருந்து டெர்மினல் பயன்படுத்தவே முடியவில்லை. ப்ரூ (ஹோம்ப்ரூ என்ற மென்பொருள் நிறுவியின் கட்டளை), நோட் (ஜாவாஸ்கிரிப்ட் இயக்கி), நானே எழுதி வைத்திருந்த அலியாஸ்கள் (கட்டளைகளுக்கான குறுக்குப்பெயர்கள்) எல்லாவற்றுக்கும் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்றுதான் பதில் வருகிறது. ப்ராம்ப்ட்டும் (கட்டளை தட்டும் இடத்துக்கு முன் வரும் குறி) மாறிவிட்டது. முன்பு கடைசியில் $ இருக்கும், இப்போது % இருக்கிறது. நிரல்களின் பதிப்புகளைக் கையாளும் கிட் கட்டளைக்கு மட்டும் வேறு பிழை: ‘இன்வாலிட் ஆக்டிவ் டெவலப்பர் பாத்’.

ஹோம் ஃபோல்டரில் என் அமைப்புகள் உள்ள .பாஷ்_ப்ரொஃபைல் கோப்பு அப்படியே இருக்கிறது. திறந்து பார்த்தேன், ஒரு வரிகூட மாறவில்லை. பிறகு ஏன் எதுவும் வேலை செய்யவில்லை?

தேவைப்படலாம் என்று இரண்டு தகவல்கள். கணினி ஆப்பிள் சிலிக்கான் மேக், ஆனால் பயனர் கணக்கு பழைய இன்டெல் மேக்கிலிருந்து கொண்டுவந்தது. மேம்படுத்திய கையோடு, டெர்மினல் திறக்கும்போதெல்லாம் வந்துகொண்டிருந்த ‘இயல்பான ஷெல் இனி இசட்எஸ்ஹெச்’ என்ற செய்தியில் சொன்னபடி, ஷெல்லை (நாம் தட்டும் கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரலை) பாஷிலிருந்து மாற்றும் ‘சிஹெச்எஸ்ஹெச் -எஸ் /பின்/இசட்எஸ்ஹெச்’ கட்டளையையும் இயக்கினேன்.

ஹோம்ப்ரூவை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினால் சரியாகுமா?

வேர்க்கணு

தயவுசெய்து எதையும் நீக்க வேண்டாம். ஹோம்ப்ரூ /ஆப்ட்/ஹோம்ப்ரூ ஃபோல்டரில் பத்திரமாக இருக்கும், நோடும் அதனுள்தான் இருக்கும். அவை இருக்கும் இடம் உங்கள் ஷெல்லுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் பதிவில் முக்கியமான வரி கடைசித் தகவல்தான். ஒரே நாளில் இரண்டு மாற்றங்கள் நடந்திருக்கின்றன: இயங்குதளம் மாறியது, ஷெல்லும் மாறியது. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் எது எதனால் என்று தெரியும். இப்போதே டெர்மினலில் ‘பாஷ் -எல்’ என்று தட்டுங்கள். பழைய ஷெல்லான பாஷ் லாகின் முறையில் (கணக்குக்குள் புதிதாக நுழைவதுபோல்) திறக்கும், உங்கள் .பாஷ்_ப்ரொஃபைலையும் படிக்கும். அதற்குள் ப்ரூ, நோட், அலியாஸ்கள், கிட் ஒவ்வொன்றையும் இயக்கிப் பார்த்துச் சொல்லுங்கள்.

அதோடு ‘பிஎஸ் -பி $$’ கட்டளையின் விடையையும் இரண்டு ஷெல்களிலும் எடுத்துப் போடுங்கள். $ஷெல் மாறியை நம்ப வேண்டாம். அது உங்கள் கணக்கின் லாகின் ஷெல் எது என்று சொல்லுமே தவிர, இந்த நிமிடம் ஓடுகிற ஷெல் எது என்று சொல்லாது. ‘$ஷெல் பாஷ் என்கிறது, ஆனால் பாஷ் கோப்பைப் படிக்கவில்லை’ என்று பலர் மணிக்கணக்காகக் குழம்புவது இதனால்தான்.

புள்ளிக்கோப்பு

செய்து பார்த்தேன். முதலில் -இசட்எஸ்ஹெச் என்று வந்தது, ‘பாஷ் -எல்’ கொடுத்த பிறகு பாஷ் என்று வந்தது. பாஷுக்குள் எல்லாமே வேலை செய்கிறது! கிட் உட்பட.

வேர்க்கணு

நல்லது, முக்கால்வாசி விடை கிடைத்துவிட்டது. உங்கள் கோப்பு, ஹோம்ப்ரூ, நோட் எல்லாம் நலம். படிக்கும் ஆள்தான் மாறிவிட்டார்.

பாஷ் லாகின் ஷெல்லாகத் திறக்கும்போது முதலில் /இடிசி/ப்ரொஃபைல் கோப்பைப் படிக்கும். அப்புறம் ஹோம் ஃபோல்டரில் .பாஷ்_ப்ரொஃபைல், .பாஷ்_லாகின், .ப்ரொஃபைல் மூன்றையும் இந்த வரிசையில் தேடி, முதலில் கிடைப்பதை மட்டும் படிக்கும். மற்ற இரண்டையும் தொடாது. லாகின் இல்லாத இன்டராக்டிவ் ஷெல் (நீங்கள் தட்டத் தட்டப் பதில் தருவது) என்றால் .பாஷ்ஆர்சி.

இசட்எஸ்ஹெச் இவை எதையும் ஏறெடுத்தும் பார்க்காது. அதற்கென்று தனி வரிசை: .இசட்எஸ்ஹெச்என்வி, .இசட்ப்ரொஃபைல், .இசட்எஸ்ஹெச்ஆர்சி, .இசட்லாகின். ஒவ்வொன்றுக்கும் முன்னால் /இடிசி ஃபோல்டரில் முன்புள்ளி இல்லாமல் அதே பெயருடைய கோப்பு இருந்தால் அதையும் படிக்கும். முதல் கோப்பை எல்லாச் சமயத்திலும், ஸ்கிரிப்ட் ஓடும்போதுகூடப் படிக்கும். இரண்டாவதும் நான்காவதும் லாகின் ஷெல்லுக்கு. மூன்றாவது இன்டராக்டிவ் ஷெல்லுக்கு. மேக்கின் டெர்மினல் ஒவ்வொரு புதிய சாளரத்தையும் லாகின் ஷெல்லாகவே திறப்பதால் அங்கே நான்கும் படிக்கப்படும். லினக்ஸ் டெர்மினல்கள் பெரும்பாலும் லாகின் இல்லாத ஷெல்லைத் திறக்கும். ஒருவர் மேக்கிலும் இன்னொருவர் லினக்ஸிலும் இருந்துகொண்டு ஒரே அறிவுரையைப் பகிரும்போது அது பலிக்காமல் போவது இந்த வேறுபாட்டால்தான்.

இனி கிட் விவகாரம். பாஷில் அது வேலை செய்ததற்குக் காரணம், ஹோம்ப்ரூ வழியாக நிறுவிய கிட் உங்களிடம் இருக்கிறது. இசட்எஸ்ஹெச்சில் பாத் மாறியில் (கட்டளைகளை எந்தெந்த ஃபோல்டர்களில் தேடுவது என்ற பட்டியல்) ஹோம்ப்ரூ இல்லாததால் /யூஎஸ்ஆர்/பின்/கிட் ஓடுகிறது. அது உண்மையான கிட் அல்ல. கமாண்ட் லைன் டூல்ஸ் என்ற ஆப்பிளின் நிரலாக்கக் கருவித் தொகுப்புக்குள் இருக்கும் கிட்டைத் தேடி அழைக்கும் சின்ன இடைநிரல். அந்தத் தொகுப்பு இல்லாமலோ பழுதாகியோ இருந்தால் இந்தப் பிழை வரும். இயங்குதள மேம்படுத்தலுக்குப் பிறகு அடிக்கடி காணும் பிழை இது. ‘எக்ஸ்கோட்-செலக்ட் --இன்ஸ்டால்’ இயக்கினால் தொகுப்பு திரும்ப வந்துவிடும். ஹோம்ப்ரூவுக்கும் அது தேவை, எனவே இப்போதே செய்துவிடுங்கள்.

ஆக, உங்கள் பட்டியலில் மேம்படுத்தலோடு தொடர்புடையது இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் ஷெல் மாறியதன் விளைவு.

சிறுநிரல்

இவ்வளவு எதற்கு? .பாஷ்_ப்ரொஃபைலை அப்படியே .இசட்எஸ்ஹெச்ஆர்சி என்ற பெயரில் நகலெடுத்துவிட்டால் வேலை முடிந்தது. பாத் வரிகளை .இசட்எஸ்ஹெச்என்வியில் போடுங்கள். எல்லா வகை இசட்எஸ்ஹெச்சும் படிப்பது அதைத்தான், எங்கேயும் விடுபடாது.

வேர்க்கணு

இரண்டுமே பின்னால் சிக்கல் தரும் யோசனைகள் என்று நினைக்கிறேன். காரணத்தைச் சொல்கிறேன்.

எக்ஸ்போர்ட் வரிகள் (மாறிகளை மற்ற நிரல்களுக்கும் தருபவை), எளிய அலியாஸ்கள் நகலெடுத்தாலும் வேலை செய்யும், உண்மைதான். ஆனால் ‘ஷாப்ட்’ வரி இருந்தால் அங்கேயே பிழை வரும், அந்தக் கட்டளை பாஷுக்கு மட்டும் சொந்தம். பிஎஸ்1 மாறியில் பயனர் பெயருக்கு \யூ, ஃபோல்டருக்கு \டபிள்யூ என்று எழுதியிருந்தால் இசட்எஸ்ஹெச் அந்த எழுத்துகளை அப்படியே திரையில் காட்டும். அங்கே %என், %~ என்று எழுத வேண்டும். ப்ராம்ப்ட்_கமாண்ட் மாறிக்கு இசட்எஸ்ஹெச்சில் தனி அர்த்தம் கிடையாது, அந்த வேலைக்கு ‘ப்ரீசிஎம்டி’ என்ற ஃபங்ஷன் எழுத வேண்டும். பாஷுக்கான டேப்-நிறைவு ஸ்கிரிப்டுகளும் நேராக ஓடாது, முதலில் ‘பாஷ்காம்ப்இனிட்’ ஏற்ற வேண்டும்.

இவை கண்ணுக்குத் தெரியும் பிழைகள். சத்தமில்லாமல் வருபவைதான் மோசம். ஒரு மாறியில் ‘-எல் -ஏ’ என்று இரண்டு தெரிவுகளைச் சேர்த்து வைத்து ‘எல்எஸ் $மாறி’ என்று எழுதினால், பாஷ் அதை இடைவெளியில் உடைத்து இரண்டு சொற்களாக அனுப்பும். இசட்எஸ்ஹெச் உடைக்காமல் ஒரே சொல்லாக அனுப்பும், எல்எஸ் குழம்பும். பாஷில் அரேயின் (மதிப்புகளின் வரிசைப் பட்டியல்) முதல் உறுப்பின் எண் 0, இசட்எஸ்ஹெச்சில் 1. பழைய ஃபங்ஷன் ஒன்று கோப்புகளை அழிக்கிற வேலை செய்வதாக இருந்து, அதில் இந்த எண் பிசகினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

.இசட்எஸ்ஹெச்என்வியில் பாத் போடுவதில் வேறு சிக்கல். அதைப் புள்ளிக்கோப்பு செய்து பார்த்தாரா என்று தெரிந்தால் விளக்குவது எளிது.

புள்ளிக்கோப்பு

செய்து பார்த்தேன்! டூல்ஸ் தொகுப்பு நிறுவி முடித்ததும், சிறுநிரல் சொன்னபடி, ஹோம்ப்ரூவைப் பாத் மாறியில் சேர்க்கும் ப்ரூ ஷெல்என்வி வரியை .இசட்எஸ்ஹெச்என்வியில் போட்டேன். ப்ரூ கிடைக்கிறது, நோடும் கிடைக்கிறது. ஆனால் ‘கிட் --வெர்ஷன்’ கொடுத்தால் ஆப்பிள் கிட் என்று வருகிறது. பாஷில் ஹோம்ப்ரூவின் கிட்தான் வந்தது. ‘விச் -ஏ கிட்’ இரண்டையும் காட்டுகிறது, /யூஎஸ்ஆர்/பின் முதலில் நிற்கிறது. நான் ஹோம்ப்ரூவைத்தானே முன்னால் சேர்த்தேன்?

வேர்க்கணு

அதேதான். நீங்கள் சேர்த்தபோது முன்னால்தான் நின்றது. அடுத்த படியில் பின்னால் தள்ளப்பட்டது.

மேக்கில் /இடிசி/இசட்ப்ரொஃபைல் கோப்பைத் திறந்து பாருங்கள். ‘பாத்_ஹெல்பர்’ என்ற சிறு நிரலை அழைக்கும் வரி இருக்கும். அது /இடிசி/பாத்ஸ் கோப்பிலும் /இடிசி/பாத்ஸ்.டி ஃபோல்டரிலும் உள்ள இடங்களை வரிசையாக முதலில் வைக்கும். ஏற்கெனவே பாத் மாறியில் இருந்தவற்றை அதற்குப் பின்னால் ஒட்டும். .இசட்எஸ்ஹெச்என்வி அதற்கு முன்பே படிக்கப்படுவதால், நீங்கள் கவனமாக அமைத்த வரிசை கலைந்துவிடுகிறது. எதுவும் காணாமல் போகாது, வரிசை மட்டும் மாறும். அதனால்தான் ப்ரூ கிடைத்தது, கிட் மட்டும் தவறானதாக வந்தது.

உங்கள் .இசட்ப்ரொஃபைல், பாத்_ஹெல்பர் வேலை முடித்த பிறகு படிக்கப்படுகிறது. எனவே ப்ரூ ஷெல்என்வி வரியை அங்கே மாற்றுங்கள். கூடவே ‘டைப்செட் -யூ பாத்’ என்று ஒரு வரி சேருங்கள், ஒரே இடம் பாத் மாறியில் இரண்டு முறை வராமல் அது பார்த்துக்கொள்ளும். ஒரே டெர்மினலுக்குள் பல சாளரங்கள் தரும் டீமக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு இது இன்னும் அவசியம். டீமக்ஸ் இயல்பாகவே ஒவ்வொரு சாளரத்திலும் லாகின் ஷெல் திறப்பதால் பாத்_ஹெல்பர் அங்கே மறுபடி ஓடும்.

அலியாஸ், ப்ராம்ப்ட், டேப்-நிறைவு போன்றவை .இசட்எஸ்ஹெச்ஆர்சியில் இருக்கட்டும். .இசட்எஸ்ஹெச்என்வியை முடிந்தவரை காலியாக விடுங்கள். ஒவ்வொரு இசட்எஸ்ஹெச் ஸ்கிரிப்ட்டும் அதைப் படிப்பதால், அங்கே வைக்கும் எதுவும் நீங்கள் நினைத்துப் பார்க்காத இடத்திலெல்லாம் தலைகாட்டும்.

பாஷையும் கைவிட மனமில்லை என்றால், இரண்டு ஷெல்லுக்கும் பொதுவான எக்ஸ்போர்ட், எளிய அலியாஸ் வரிகளை மட்டும் ஒரு தனிக் கோப்பில் வைத்து, .பாஷ்_ப்ரொஃபைல், .இசட்எஸ்ஹெச்ஆர்சி இரண்டிலிருந்தும் ‘சோர்ஸ்’ கட்டளையால் அழைக்கலாம்.

சிறுநிரல்

பாத்_ஹெல்பர் பற்றி இப்போதுதான் தெளிவாகப் புரிந்தது, நன்றி. என் கணினியில் பைதான் எப்போதும் தவறான பதிப்பாக வருவதற்கும் இதுதான் காரணமாக இருக்கும், பார்க்கிறேன்.

வேர்க்கணு

பைதான் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மேக்ஓஎஸ் 12.3 பதிப்பில், 2022-இல், இயங்குதளத்தோடு வந்துகொண்டிருந்த பைதான் 2.7 நீக்கப்பட்டது. அதைத் தாண்டி மேம்படுத்தியவர்களுக்கு /யூஎஸ்ஆர்/பின்/பைதான் இருக்காது. உங்கள் தொடக்கக் கோப்பிலோ ப்ராம்ப்ட் ஸ்கிரிப்டிலோ வெறும் ‘பைதான்’ என்று அழைத்திருந்தால் பிழை வரும். அங்கே பாத் மாறியைத் திருத்திப் பயனில்லை, ‘பைதான்3’ என்று மாற்ற வேண்டும்.

பைப்லைன்

விவாதத்தைச் சற்றுத் திருப்புகிறேன். ஷெல்லை மாற்றியே ஆக வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லையே? மேக்ஓஎஸ் கேட்டலினா பதிப்பு 2019-இல் வந்தபோது புதிய கணக்குகளுக்குத்தான் இசட்எஸ்ஹெச் இயல்பானது. ஏற்கெனவே இருந்த கணக்குகள் பாஷிலேயே தொடர்ந்தன. அந்த அறிவிப்பு வராமலிருக்க ‘பாஷ்_சைலன்ஸ்_டெப்ரிகேஷன்_வார்னிங்’ மாறிக்கு 1 என்று மதிப்புக் கொடுத்து எக்ஸ்போர்ட் செய்தால் போதும். பல வருடங்களாகப் பாஷில் பழகிய கையை எதற்காக மாற்ற வேண்டும்? வேலை செய்யும் சர்வர்கள் பெரும்பாலும் பாஷ்தான்.

வேர்க்கணு

உங்கள் வாதத்தை மதிக்கிறேன். சர்வரில் பாஷ் என்றால் கையில் இருப்பதும் பாஷாக இருப்பது நல்லதுதான். ஆனால் மேக்கோடு வரும் பாஷ் 3.2 வரிசையைச் சேர்ந்தது. 3.2 வெளிவந்தது 2006-இல். 2009-இல் வந்த 4.0 முதல் பாஷின் உரிமம் ஜிபிஎல் மூன்றாம் பதிப்புக்கு மாறியது, மேக்கில் இருப்பது அதற்கு முந்தைய வரிசையிலேயே நின்றுவிட்டது. அசோசியேட்டிவ் அரே (எண்ணுக்குப் பதில் பெயரால் மதிப்பைத் தேடும் பட்டியல்) போன்ற வசதிகள் அதில் இல்லை. சர்வரில் ஓடும் ஸ்கிரிப்ட் உங்கள் மேக்கின் பாஷில் ஓடாமல் போகலாம்.

எனவே பாஷில் இருப்பதென்றால் ஹோம்ப்ரூ வழியாகப் புதிய பாஷை நிறுவிக்கொண்டு இருங்கள். அதன் முழு முகவரியை /இடிசி/ஷெல்ஸ் கோப்பில் சேர்த்த பிறகுதான் சிஹெச்எஸ்ஹெச் அதை ஏற்கும்.

இன்னொன்று: ஷெல்லை மாற்றினால் ஸ்கிரிப்டுகள் உடையும் என்று யாரும் பயப்பட வேண்டாம். முதல் வரியில் ‘#!/பின்/பாஷ்’ என்று இருக்கும் ஸ்கிரிப்ட் நீங்கள் எந்த ஷெல்லில் இருந்தாலும் பாஷில்தான் ஓடும். சிக்கல் நீங்கள் கையால் தட்டும் கட்டளைகளில்தான் தெரியும். கர்ல் கட்டளைக்குக் கொடுக்கும் முகவரியில் கேள்விக்குறி, பிப் கட்டளையில் சதுர அடைப்பு, வேறு கணினியோடு கோப்புகளை நகலெடுக்கும் எஸ்சிபியில் எதிர்முனைக் கோப்புக்கு நட்சத்திரக் குறி இருந்தால் இசட்எஸ்ஹெச் ‘நோ மேச்சஸ் ஃபவுண்ட்’ என்று நிறுத்திவிடும். பாஷ், பொருந்தும் கோப்பு இல்லையென்றால் அப்படியே கடத்திவிடும். மேற்கோள் குறிக்குள் போட்டு எழுதப் பழகினால் இரண்டிலும் ஓடும்.

கருந்திரை

நீங்கள் சொன்ன இந்த /இடிசி/ஷெல்ஸ் விஷயம்தான் எனக்கு இப்போது சிக்கல். என் லாகின் ஷெல் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்/பாஷ், இன்டெல் காலத்து ஹோம்ப்ரூ நிறுவியது. புதிய மேக்கில் பழைய ஹோம்ப்ரூவை நீக்கியதும் டெர்மினல் திறந்த நொடியே ‘ப்ராசஸ் கம்ப்ளீட்டட்’ என்று முடிந்துவிடுகிறது. கட்டளை தட்ட இடமே கிடைக்கவில்லை. என்ன செய்வது?

வேர்க்கணு

பதற வேண்டாம், வெளியிலிருந்தே சரிசெய்யலாம். டெர்மினல் செயலியின் அமைப்புகளில் பொதுப் பகுதிக்குப் போங்கள். ஷெல் எதைக் கொண்டு திறக்க வேண்டும் என்று கேட்கும் இடத்தில் இயல்பான லாகின் ஷெல் என்பதை விட்டுவிட்டு, முழு முகவரியாக /பின்/இசட்எஸ்ஹெச் கொடுங்கள். புதிய சாளரம் திறக்கும். அதில் ‘சிஹெச்எஸ்ஹெச் -எஸ் /பின்/இசட்எஸ்ஹெச்’ இயக்கிவிட்டு அமைப்பைப் பழையபடி மாற்றிவிடுங்கள். ஆப்பிள் சிலிக்கானில் ஹோம்ப்ரூவின் இடம் /யூஎஸ்ஆர்/லோக்கல் அல்ல, /ஆப்ட்/ஹோம்ப்ரூ. பழைய தொடக்கக் கோப்புகளில் பழைய முகவரி எங்கெல்லாம் இருக்கிறது என்று ‘க்ரெப்’ போட்டுத் தேடிவிடுங்கள்.

ஷெல் இருக்கிறது, தொடக்கக் கோப்பில் உள்ள பிழைதான் வெளியே தள்ளுகிறது என்றால் அதே இடத்தில் /பின்/எஸ்ஹெச் கொடுத்து உள்ளே போகலாம். உள்ளே போன பிறகு ‘இசட்எஸ்ஹெச் -எஃப்’ அல்லது ‘பாஷ் --நோப்ரொஃபைல் --நோஆர்சி’ என்றால் உங்கள் கோப்புகளைப் படிக்காத வெறும் ஷெல் கிடைக்கும். எல்எஸ் கட்டளைகூடக் கிடைக்காத அளவுக்குப் பாத் கெட்டிருந்தால், ‘எக்ஸ்போர்ட் பாத்=/யூஎஸ்ஆர்/பின்:/பின்:/யூஎஸ்ஆர்/எஸ்பின்:/எஸ்பின்’ என்ற ஒரு வரி போதும், அந்தச் சாளரத்தில் நிம்மதியாக வேலை பார்க்கலாம். எந்த வரி பிழை என்று தெரியவில்லையா? -எல் -ஐ -எக்ஸ் மூன்றையும் சேர்த்து ஷெல்லைத் திறந்தால் படிக்கும் ஒவ்வொரு வரியையும் திரையில் காட்டும். நீண்ட வெளியீடுதான், ஆனால் பதில் அதில் இருக்கும்.

நள்ளிரவுக்கட்டளை

லினக்ஸ் பக்கமிருந்து ஒரு கேள்வி. உபுண்டு 20.04-இலிருந்து 22.04-க்கு மேம்படுத்தினேன். ஷெல் மாறவில்லை, பாஷ்தான். ஆனால் தொலைவிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போனால் அலியாஸ்கள் இல்லை, .லோக்கல்/பின் ஃபோல்டரும் பாத் மாறியில் இல்லை. அதே கணினியில் வரைகலை டெர்மினலில் அலியாஸ்கள் இருக்கின்றன. இன்னொன்று, நகலெடுத்த கட்டளையை ஒட்டினால் முழுவதும் நிறம் மாறித் தெரிகிறது, என்டர் தட்டும்வரை ஓடுவதில்லை. பதிவுக் கோப்பு ஒன்றில் ‘?2004எச்’ என்று புரியாத குறிகளும் வருகின்றன.

பைப்லைன்

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். ‘எல்எஸ் -ஏ’ கொடுத்து ஹோம் ஃபோல்டரில் புதிதாக .பாஷ்_ப்ரொஃபைல் முளைத்திருக்கிறதா பாருங்கள். மேம்படுத்திய பிறகு ஏதாவது கருவியை மறுபடி நிறுவியிருந்தால், அந்த நிறுவி பாத் வரி எழுதுவதற்காக அதை உருவாக்கியிருக்கலாம். உபுண்டு தருவது .ப்ரொஃபைல். அதுதான் .பாஷ்ஆர்சியை அழைக்கும், .லோக்கல்/பின்னையும் சேர்க்கும். வேர்க்கணு மேலே சொன்ன விதிப்படி .பாஷ்_ப்ரொஃபைல் இருந்தால் .ப்ரொஃபைலை பாஷ் தொடவே தொடாது. புதிய கோப்பில் உள்ள வரியை .ப்ரொஃபைலுக்கு நகர்த்திவிட்டு அதை நீக்குங்கள், இல்லையென்றால் அதன் முதல் வரியில் .ப்ரொஃபைலை சோர்ஸ் செய்யுங்கள்.

வேர்க்கணு

பைப்லைன் சொன்னது சரி. உபுண்டுவின் .பாஷ்ஆர்சி பற்றி ஒன்று சேர்க்கிறேன். அதன் தொடக்கத்திலேயே ‘இது இன்டராக்டிவ் ஷெல்லா’ என்று சோதித்து, இல்லையென்றால் அங்கேயே திரும்பிவிடும் வரிகள் இருக்கும். எஸ்எஸ்ஹெச் மூலம் ஒரே ஒரு கட்டளையை அனுப்பி இயக்கும்போது அதற்குக் கீழே உள்ள எக்ஸ்போர்ட் எதுவும் கிடைக்காது. அப்படிக் கிடைத்தாக வேண்டும் என்றால் அந்தச் சோதனைக்கு மேலே எழுத வேண்டும். சோதனை வரிகளை மட்டும் நீக்கிவிடாதீர்கள். தொடக்கக் கோப்பு திரையில் எதையாவது அச்சிட ஆரம்பித்தால் எஸ்சிபி போன்ற கோப்புப் பரிமாற்றங்கள் கெட்டுப்போகும்.

ஒட்டும்போது நிறம் மாறுவது பழுது அல்ல, ‘பிராக்கெட்டட் பேஸ்ட்’ என்ற வசதி. 22.04-இல் வரும் பாஷ் 5.1-இல் அது இயல்பாகவே இயங்கும். இணையத்திலிருந்து நகலெடுத்த உரையில் மறைந்திருக்கும் புதுவரிக் குறி, நீங்கள் படித்துப் பார்ப்பதற்குள் கட்டளையை ஓட்டிவிடாமல் இது தடுக்கிறது. எனவே அதை விட்டுவைப்பதே நல்லது என்பேன். 2004 என்று வருவது இந்த வசதியை டெர்மினலுக்கு அறிவிக்கும் குறிதான். பதிவுக் கோப்பில் விழுவது தொல்லையாக இருந்தால் .இன்புட்ஆர்சி கோப்பில் ‘செட் எனேபிள்-பிராக்கெட்டட்-பேஸ்ட் ஆஃப்’ என்று எழுதி நிறுத்தலாம்.

/இடிசி ஃபோல்டரிலும் ஒரு பார்வை பாருங்கள். மேம்படுத்தும்போது ‘உங்கள் பழைய கோப்பா, தொகுப்பின் புதிய கோப்பா’ என்று கேட்டிருக்கும். பழையதை வைத்துக்கொண்டால் புதியது .டிபிகேஜி-டிஸ்ட் என்ற பின்னொட்டோடு பக்கத்தில் இருக்கும். புதியதை ஏற்றுக்கொண்டால் பழையது .டிபிகேஜி-ஓல்ட் என்று இருக்கும். ‘டிஃப்’ போட்டு ஒப்பிட்டால் என்ன மாறியது என்று வரிக்கு வரி தெரியும்.

நள்ளிரவுக்கட்டளை

.பாஷ்_ப்ரொஃபைல் முளைத்துத்தான் இருந்தது! உள்ளே ஒரே ஒரு பாத் வரி. நகர்த்தியதும் எல்லாம் திரும்பிவிட்டது. ஒட்டும் வசதியை நீங்கள் சொன்னபடி விட்டுவைக்கிறேன்.

புள்ளிக்கோப்பு

எனக்கும் .இசட்ப்ரொஃபைலுக்கு மாற்றியதும் கிட் சரியாக வருகிறது, மிக்க நன்றி. இரண்டே சந்தேகங்கள் மிச்சம். டேப்-நிறைவுக்காகக் ‘காம்ப்இனிட்’ சேர்த்ததும் ஒவ்வொரு முறையும் ‘இன்செக்யூர் டைரக்டரீஸ்’ என்று கேட்கிறது. இணையத்தில் -யூ சேர்த்து அமைதியாக்கச் சொல்கிறார்கள், செய்யலாமா? அப்புறம், பாஷில் சேர்ந்திருந்த கட்டளை வரலாறு முழுவதும் போய்விட்டதா?

வேர்க்கணு

-யூ வேண்டாம். நிறைவுக் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரில் உங்களைத் தவிர வேறு கணக்கும் எழுத முடியும் என்றுதான் இசட்எஸ்ஹெச் எச்சரிக்கிறது. அந்தக் கோப்புகள் உங்கள் ஷெல்லுக்குள் ஓடுபவை, எச்சரிக்கை நியாயமானது. ‘காம்ப்ஆடிட்’ இயக்கினால் எந்த ஃபோல்டர்கள் என்று பட்டியல் வரும். அவற்றுக்கு மட்டும் ‘சிஹெச்மோட் ஜிஓ-டபிள்யூ’ கொடுங்கள். பெரும்பாலும் ஹோம்ப்ரூவின் ஷேர் ஃபோல்டராகத்தான் இருக்கும்.

வரலாறு போகவில்லை, .பாஷ்_ஹிஸ்டரி கோப்பில் இருக்கிறது. இசட்எஸ்ஹெச்சில் ‘எஃப்சி -ஆர் ~/.பாஷ்_ஹிஸ்டரி’ என்று ஒருமுறை கொடுத்தால் உள்ளே ஏற்றிக்கொள்ளும். ஆனால் மேக்கின் /இடிசி/இசட்எஸ்ஹெச்ஆர்சியில் சேவ்ஹிஸ்ட் அளவு 1000 என்றுதான் இருக்கும். ஏற்றுவதற்கு முன்னால் உங்கள் .இசட்எஸ்ஹெச்ஆர்சியில் ஹிஸ்ட்சைஸ், சேவ்ஹிஸ்ட் இரண்டையும் பெரிய எண்ணாக வைத்துப் புதிய சாளரம் திறந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் பழைய வரிகள் வெட்டுப்படும். /இடிசியில் உள்ள கோப்பையே திருத்த வேண்டாம், அடுத்த மேம்படுத்தலில் அது மறுபடி மாற்றப்படலாம். பாஷில் நேரக்குறி வைத்திருந்தீர்கள் என்றால் # குறியோடு எண்கள் மட்டும் உள்ள வரிகளும் கூடவே வரும். நகல் ஒன்றை எடுத்து, அந்த வரிகளை நீக்கிவிட்டு, அந்த நகலை ஏற்றுங்கள்.